நடக்க முடியாதவரை யார் தூக்குவது?

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை அழாத வீடு இல்லை. சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது காலை 7 மணிக்குச் சற்று முன்னர். அலை நமது கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரமும் நமக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இன்று 117 என்ற இலக்கத்தில் விபரம் கேட்கலாம், பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். ஆனால் அதைக் கேட்டு எழுந்து ஓட முடியாதவரின் நிலை என்ன?

காலியில் சம்போதி என்ற வலது குறைந்தோர் இல்லம் இருந்தது. அன்று அங்கிருந்த 102 பேரில் 41 பேரே உயிர் தப்பினர். பலரால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. சிலருக்கு ஆபத்து விளங்கவே இல்லை. அதே காலையில் மட்டக்களப்பு நாவலடி சமாரிட்டன் சிறுவர் இல்லத்தில் 28 பிள்ளைகளை ஒரே படகில் ஏற்றி, வாவி வழியாகக் காப்பாற்றினார்கள். படகு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஏற்றிவிட ஆட்களும் இருந்தார்கள்.

கல்முனைப் பக்கத்தில் முதியோர் இல்லங்கள் குறைவு. பாரிசவாதம் வந்த வாப்பாவும் கண் தெரியாத மூத்தம்மாவும் நம் வீட்டிலேதான் கிடக்கிறார்கள். இடம்பெயர்ந்து தகரக் கொட்டிலில் இருந்தாலும் அப்படித்தான். ஆகவே இல்லங்களில் செய்ய வேண்டிய ஆயத்தத்தை நாம் ஒழுங்கை ஒழுங்கையாகச் செய்ய வேண்டும்.

முதலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இரவில் அல்ல, காலை 9 மணிக்கு. ஆண்கள் வயலில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் அப்படியே. நோயாளியுடன் ஒரு பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து நால்வரைப் பெயர் சொல்லிக் குறித்து வையுங்கள். “எல்லோரும் வருவோம்” என்றால் ஒருவரும் வரமாட்டார்கள்.

தூக்குவதற்கு வெறும் உரப் பை போதும். கிழியாத மூன்று பைகளின் அடி மூலைகளை வெட்டி, ஏழெட்டு அடி நீளமான இரண்டு உறுதியான கம்புகளை அவற்றினூடாகச் செலுத்துங்கள். முதலில் சுகதேகியான ஓர் இளைஞரைக் கிடத்தித் தூக்கிப் பாருங்கள். பை கிழிவதானால் அப்போதே கிழியட்டும். மாடிப்படியில் ஏற்றக் கைபிடியுள்ள கதிரை நல்லது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

எங்கே கொண்டுபோவது? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஆபத்துக்கு ஆபத்து வழி மாறும். ஆழிப்பேரலை என்றால் மேற்கே, கடலை விட்டுத் தூர. அவ்வளவு தூரம் தூக்க முடியாவிட்டால், கடலோர முதல் வரிசையில் இல்லாத, கொங்கிறீட் தூண் உள்ள கட்டிடத்தின் மேல்மாடி. புயல் என்றால் உறுதியான கல்வீடு. 1978 நவம்பர் 23ஆம் திகதிய சூறாவளியைக் கண்ட பெரியவர்களிடம் கேளுங்கள். வெள்ளம் என்றால் அதே மேற்கு வழி ஆபத்தாகிவிடும். மாரியில் கிட்டங்கி வீதியை நீர் மேவிப் பாய்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு பிள்ளைகள் மாண்டார்கள். உழவு இயந்திரம் எதையும் தாண்டும் என்று கமக்காரரான நாம்தான் அதிகம் நம்புகிறோம். ஓடும் தண்ணீர் பாதையை மூடியிருந்தால் நோயாளியோடு இறங்க வேண்டாம். மழை கனக்கும் முன்பே அவரை மேட்டு நிலத்து உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

கட்டில் தலைமாட்டில் ஒரு பொலித்தீன் பை தொங்கட்டும்: கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதி, ஒரு கிழமைக் குளிசை, கண்ணாடி, ஒரு சாரம். குளிசையை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அதைக் கடைசி நேரத்தில் எடுத்து வர வேண்டியவரின் பெயரைப் பையிலேயே எழுதுங்கள்.

நோயாளியிடமும் முன்கூட்டியே பேசுங்கள். “என்னை விட்டுவிட்டு நீங்கள் ஓடுங்கள்” என்பது பெரியவர்களின் வழமையான பேச்சு. அந்த வாதத்தை இன்றே முடித்துக்கொள்ளுங்கள்.

குழுவில் செய்வதற்கு:

உங்கள் ஒழுங்கையில் தானாக நடக்க முடியாதவர் எத்தனை பேர்? அவர்களுடைய விபரத்தைக் கிராம உத்தியோகத்தரிடமும் பள்ளிவாசல், கோயில், தேவாலயப் பொறுப்பாளர்களிடமும் கொடுத்துவிட்டீர்களா?

ஒருவரை உரப் பையில் கிடத்தி, நீங்கள் தெரிந்துகொண்ட மேல்மாடிக்குத் தூக்கிச் செல்லுங்கள். எத்தனை நிமிடம் எடுத்தது? அந்தக் கட்டிடத்தின் திறப்பு காலை 9 மணிக்கு யாரிடம் இருக்கிறது?