கருவி கொடுப்பதற்கு முன் கடனைக் கேளுங்கள்: வறுமை ஒழிப்பும் நம் ஜகாத்தும் குறித்து ஒரு பாடம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில், கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளுடன் வாழும் ஒரு சகோதரிக்கு நம் அறக்கட்டளை சார்பில் தையல் இயந்திரம் வழங்கினோம். துஆ ஓதி, மனநிறைவோடு கொடுத்தோம். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சியோடு அந்த வீட்டுக்குப் போன நம் தொண்டர்கள், இயந்திரத்தைக் காணவில்லை என்று வந்து சொன்னார்கள். விசாரித்தபோது உண்மை தெரிந்தது. குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல் அதை விற்றிருக்கிறார். "மெஷின் தந்த அன்னைக்கே சொல்லணும்னு இருந்துச்சு அண்ணே, வெட்கமா இருந்துச்சு, சொல்லல" என்றார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்காமல் கொடுத்த நம்மிடம்தான் தவறு. அந்தத் தவறு நமக்கு ஒரு பாடத்தைத் தந்தது. பணம் கொடுப்பதால் மட்டும் வறுமை போவதில்லை. எந்தப் பணம், எந்த வழியில், எந்த வரிசையில் போகிறது என்பதே முக்கியம். இந்த இதழில் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

உலகம் போடும் கணக்கு

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டது. 2030-க்குள் எல்லா வடிவிலும் வறுமையை ஒழிப்பது அவற்றில் முதலாவது. அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று பேசவே உலக நாடுகள் 2002-இல் மெக்சிகோவின் மான்டெரேயிலும், 2008-இல் தோஹாவிலும், 2015-இல் அடிஸ் அபாபாவிலும், 2025-இல் ஸ்பெயினின் செவில்லாவிலும் கூடின. வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை இருப்பதாகச் செவில்லா மாநாடு கணக்கிட்டது.

பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்பது 1970-லேயே ஐ.நா. பொதுச்சபை வைத்த குறிக்கோள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதை எட்டிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் ஒவ்வொரு நாடும் தன் சொந்த வளத்தைத் திரட்ட வேண்டும் என்று அடிஸ் அபாபா மாநாடு அழுத்திச் சொன்னது. நாட்டுக்குச் சொன்னது மஹல்லாவுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து வரும் உதவி ஒரு தொடக்கம்தான். ஊருக்குள் இருக்கும் வளமே நிலைத்து நிற்கும்.

ரோமிலிருந்து தருமபுரிக்கு

வெளிப்பணம் நம் மாநிலத்தில் நல்ல தொடக்கமாக அமைந்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் 1977-இல் உருவானது. மேலை நாடுகளோடு எண்ணெய் வளமுள்ள நாடுகளும் பணம் போட்டு உருவாக்கிய ஐ.நா. அமைப்பு அது. அதன் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தது. 12 முதல் 20 பேர் வரை ஒரு குழு. முதலில் சேமிப்பு; பிறகு அந்தச் சேமிப்பிலிருந்து தங்களுக்குள் கடன்; பிறகுதான் வங்கி. இந்த முயற்சியே பின்னர் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவியது. இன்று திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சுய உதவிக் குழு இல்லாத தெருவைக் காண்பது அரிது.

நம் மாநகரிலேயே இன்னொரு உதாரணம் கல்மந்தை. கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் வாட்டர் எய்ட் அமைப்பின் உதவியோடு அங்கே பணி செய்தது. பொதுக் கழிப்பறையின் நிர்வாகம் அந்தப் பகுதிப் பெண்களின் கையில் கொடுக்கப்பட்டது. சிறு கட்டணம் வசூலித்து, கணக்கெழுதி, அவர்களே பராமரித்தார்கள். 2002-இல் திறந்தவெளியில் மலம் கழிக்காத குடிசைப்பகுதி என்று கல்மந்தை அறிவிக்கப்பட்டது. பணம் வெளியிலிருந்து வந்தது. பொறுப்பு உள்ளூரில் நின்றது. அதனால் பலன் நிலைத்தது.

எளிதாகக் கிடைத்த கடன்

சேமிப்பில் தொடங்கிய அந்த ஒழுங்கு பின்னாளில் பல இடங்களில் தலைகீழானது. சேமிப்பே இல்லாமல் கடன் மட்டும் வீட்டு வாசலுக்கு வந்தது. ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், கேட்க வருபவர் அதிகாரி அல்ல, பக்கத்து வீட்டுப் பெண். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. 2010-இல் ஆந்திராவில் இது பெரும் நெருக்கடியாக வெடித்தது. தற்கொலைச் செய்திகள் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

தண்டல் கடன் இதைவிடக் கொடியது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் கடன். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாக நம் கையில் இருந்தது சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 125-ஐயும் தாண்டிவிடும். ஐந்து வட்டி என்பதும் ஆண்டுக்கு அறுபது சதவீதம். எந்தப் பெட்டிக்கடையும் இட்லிக் கடையும் இப்படி ஒரு லாபத்தைத் தராது.

சட்டம் தரும் பாதுகாப்பு

இதைப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடமுண்டு. கடன் வசூலில் நடக்கும் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் இயற்றப்பட்டது.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்குத் தரும் நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்தது. ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் அட்டை கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. இரவில் யாராவது கதவைத் தட்டினால் பயந்து நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். ஜமாஅத்துக்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்துக்கு உடன் வர ஆள் இருக்கிறது.

மார்க்கம் காட்டும் வரிசை

வட்டி ஹராம் என்பதை நாம் மிம்பரில் கேட்கிறோம். ஆனால் வட்டிக்குப் போகாமல் இருக்க மாற்று வழியை ஏற்படுத்திக் கொடுப்பதும் சமுதாயத்தின் கடமையல்லவா?

அபூதாவூத் நூலில் ஒரு சம்பவம் வருகிறது. யாசகம் கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் முதலில் கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றை ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்தார்கள். கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும் பதினைந்து நாள் கழித்து வரும்படியும் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு வந்தார். இதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வீட்டு நிலையை விசாரித்தல், பிறகு பசி, பிறகு கருவி, பிறகு கெடு வைத்துத் திரும்பப் பார்த்தல். நாம் தையல் இயந்திரம் கொடுத்தபோது முதல் படியையும் கடைசிப் படியையும் விட்டுவிட்டோம்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் ஒரு பிரிவினர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு கைவினைஞருக்கு அவருடைய தொழிலுக்கான கருவியின் விலை அளவுக்குக் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடனில் உள்ள வட்டிப் பகுதியை ஜகாத்தால் அடைப்பது பற்றியும் கேள்வி உண்டு. இவற்றை நம் மஹல்லா ஹள்ரத்மார்களிடம் கேட்டே முடிவு செய்கிறோம்.

ஒரு கணக்கு. 4 லட்சம் ரூபாய்க்கு ஜகாத் 10,000. இப்படி இருநூறு பேர் சேர்ந்தால் 20 லட்சம். அதை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்தால் நாலாயிரம் பேர் ஒருநாள் வரிசையில் நிற்பார்கள். அடுத்த ரமளானிலும் அவர்களே நிற்பார்கள். ஐம்பதாயிரம் வீதம் கொடுத்தால் நாற்பது குடும்பங்களின் கடன் தீரும் அல்லது தொழில் தொடங்கும். பசித்தவருக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அரிசியாகவே கொடுத்து முடித்துவிட வேண்டாம் என்கிறோம்.

அழகிய கடன்

ஜகாத்தை உரியவருக்குச் சொந்தமாக்கிக் கொடுக்க வேண்டும். அதைச் சுழல் கடனாக வைத்துக்கொள்வதை ஆலிம்களில் பலர் ஏற்பதில்லை. ஆகவே வட்டியில்லாக் கடன் நிதி ஸதகாவிலிருந்தும், திருப்பித் தரும் நிபந்தனையோடு வசதியுள்ளோர் தரும் தொகையிலிருந்தும் தனிக் கணக்காக இருக்க வேண்டும்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்குப் பாகிஸ்தானின் லாகூரில் 2001-இல் தொடங்கிய 'அகுவத்' ஓர் எடுத்துக்காட்டு. ஒரு விதவைப் பெண்ணுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாய் வட்டியில்லாக் கடனில் ஆரம்பித்தது. பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் வைத்து, மத வேறுபாடின்றிக் கடன் தருகிறார்கள். அதன் நிறுவனர் டாக்டர் அம்ஜத் சாகிப் 2021-இல் ரமோன் மகசேசே விருது பெற்றார்.

நம் ஊர் முன்னோர்களும் இந்த வழியை அறிந்தவர்களே. ஹாஜி ஜமால் முகமது சாஹிப், ஹாஜி காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் 1951-இல் எழுந்த ஜமால் முகமது கல்லூரியில் படித்து எத்தனை குடும்பங்கள் தலைநிமிர்ந்தன என்பது நமக்குத் தெரியும். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தின் அசலை விற்காமல் வைத்து, விளைச்சலை ஏழைகளுக்கு ஆக்கிய உமர் (ரலி) அவர்களின் வக்ஃபு முறையும் அதுதான்: அசல் நிற்கட்டும், பலன் ஓடட்டும்.

இனி நாம் செய்ய இருப்பவை

இன்ஷா அல்லாஹ், இந்த ஆண்டு முதல் தொழில் உதவி கோரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் முதலில் கடன் விவரத்தைக் கேட்போம். அதைப் பெண் தொண்டர்கள் மட்டுமே கேட்பார்கள்; இரகசியம் காக்கப்படும். கடன் தீர்ந்த பிறகே கருவி. கொடுத்த மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் நேரில் போய்ப் பார்ப்போம். ஆதரவற்ற பெண்களுக்கு மாவட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்திலும், தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்திலும் என்ன வழி இருக்கிறது என்று விண்ணப்பிக்கும் முன்னரே விளக்கிச் சொல்வோம்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் இப்போது எத்தனை கடன்? மாதத் தவணை வருமானத்தில் எத்தனை பங்கு?
2. கல்யாணம், சீர் போன்றவற்றுக்காக வாங்கிய கடன் அதில் எவ்வளவு?
3. நம் ஜகாத் சென்ற ஆண்டு யாருக்குப் போனது? அவர் இன்று எப்படி இருக்கிறார்?
4. நம் தெருவில் கடனைச் சொல்ல வெட்கப்பட்டு மௌனமாக இருப்பவர் யார்?

அந்தச் சகோதரியின் பாக்கித் தவணைகள் பின்னர் அடைக்கப்பட்டன. இயந்திரம் மறுபடியும் வாங்கிக் கொடுக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் வீட்டில் பள்ளிச் சீருடைகள் தைக்கப்படுகின்றன. சென்ற ரமளானில் நம் அலுவலகத்துக்கு வந்து ஐந்நூறு ரூபாயைக் கடன் நிதிக்கென்று வைத்துவிட்டுப் போனார். ரசீதில் பெயர் எழுத வேண்டாம் என்றார்.

வாங்கும் கைகளைக் கொடுக்கும் கைகளாக மாற்றும் பணிக்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.