ஏரி வண்டலும் கன உலோகமும்

பாடாலூர் வட்டாரக் குடியானவர்களுக்கு ஏரி வண்டலின் அருமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் வயலில் அடிக்குமுன், அவ்வண்டல் உரத்தோடு நஞ்சையும் சுமந்து வருகிறதா என்று அறிதல் நலம். அதற்குரிய முறையைக் கழிமுக ஆராய்ச்சியிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஈயம், காட்மியம், துத்தநாகம் முதலிய கன உலோகங்கள் பெரும்பாலும் நுண்ணிய களித்துகள்களைப் பற்றிக்கொண்டு அடியிற் படிகின்றன. ஆற்று நீரில் உப்பு நீர் கலந்தவுடன் இத்துகள்கள் திரண்டு படிவதால், கழிமுகங்களில் உலோகம் மிகுதியாகச் சேர்கிறது. தொழிற்சாலைகள் சூழ்ந்த எண்ணூர்க் கழிமுகத்திலும் கடலூர் உப்பனாற்றிலும் ஆராய்ச்சியாளர் நீரோடு நில்லாது அடிவண்டலையும் சோதிப்பது இதனாலேயே. ஜப்பானிலுள்ள மினமாட்டா விரிகுடாவில் ஆலையின் பாதரசக் கழிவு 1968-இல் நின்றது; நஞ்சேறிய அடிமண்ணை அகற்றும் வேலையோ 1977-இல் தொடங்கி 1990-இல்தான் முடிந்தது.

எவ்வளவு உலோகம் இருப்பின் மாசு எனலாம்? இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். உலோகம் இல்லாத மண்ணே இல்லை. 1961-இல் வெளியான ஒரு கணக்கின்படி, உலகக் களிப்பாறைகளில் கிலோவுக்குச் சராசரியாகத் துத்தநாகம் 95 மில்லிகிராமும் ஈயம் 20 மில்லிகிராமும் உண்டு. களி மிகுந்த மண்ணில் உலோகம் இயல்பாகவே கூடும், மணலில் குறையும். ஆகவே களியின் அளவைக் காட்டும் அலுமினியத்தையும் உடன் அளக்கின்றனர். துத்தநாகம் இருமடங்காகி அலுமினியமும் இருமடங்காயின், ஆலையைக் குறை கூறுதல் பொருந்தாது. அலுமினியம் மாறாமல் துத்தநாகம் மட்டும் ஏறியிருப்பின் ஐயுற வேண்டும்.

உலகச் சராசரி நம்மூருக்கு அப்படியே பொருந்தாது. அண்மையிலுள்ள காரை, ஊட்டத்தூர்ப் பகுதிகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தவை; ஜிப்சமும் பாஸ்பேட் உருண்டைகளும் கொண்ட களிப்படிவு அங்குண்டு. எனவே ஏரியில் தூர் எடுக்காத ஒரு மூலையில் குழாயைச் செங்குத்தாக இறக்கி, ஆழத்திலுள்ள பழம்படிவையும் மேற்படிவையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுவதே தக்க வழி.

பாடாலூர் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் விலக்கப்பட்டது. எனினும் அதற்குமுன் படிந்த ஈயம் மட்கி மறையும் பொருளன்று. டயர்த் தேய்மானத்தால் துத்தநாகம் இன்றும் சேர்கிறது. சாலை நீர் இறங்கும் வாய்க்கால் முகத்தில் ஒரு மாதிரியும், அதற்கு எட்டிய இடத்தில் ஒன்றும் எடுக்க வேண்டும். துத்தநாக முலாம் பூசிய வாளியில் அள்ளினால் சோதனையே பழுதாகும்; பிளாஸ்டிக் அகப்பையே ஏற்றது. மாதிரிகளை ஒன்றாகக் கலவாமல், இடமும் ஆழமும் எழுதி ஒட்டி அனுப்புக.