மதிலேறி வரும் பூனைகள்

கேள்வி: எங்கள் வளவுக்குப் பின்னாலுள்ள வெறுங்காணியில் தெருப்பூனைகள் பெருகிவிட்டன. பிடித்துத் தூரக் கொண்டுபோய் விடலாமா?
- வாசகி, வத்தளை

பதில்: வேண்டாம், அம்மா. சாப்பாடும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை அங்கே வேறு பூனைகள் வந்துசேரும். கொண்டுபோய் விட்டவை பட்டினியால் வாடும். யாராவது நஞ்சு வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மிருகவதை 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெட்டைப்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும், சுமார் 65 நாளில் குட்டி போடும். ஆகவே கூண்டு வைத்துப் பிடித்து, மிருக வைத்தியரிடம் கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் செய்வித்து, அதே இடத்தில் விடுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே காதுநுனியைச் சிறிது வெட்டிவிடச் சொன்னால், பிறகு அடையாளம் தெரியும். செலவை அயலவரோடு பகிருங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.