அனைவருக்கும் ஒரு வகுப்பறை

நுழையும் முன்

பள்ளியில் பயில்வது ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய உரிமையாகும். ஆயினும், உரிமை சட்ட ஏட்டில் இருப்பதும் குழந்தை வகுப்பறையில் இருப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே உயர்ந்த படிக்கட்டுகள், படிக்க இயலாத எழுத்துகள், விளங்காத மொழி, பிறருடைய தயக்கம் எனப் பல தடைகள் நிற்கின்றன. அத்தடைகளை அகற்ற வேண்டியவர் யார்? குழந்தையா, பள்ளியா? இவ்வினாவிற்கான விடையை இப்பாடம் ஆராய்கிறது.

1. லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளி

பெங்களூரு மாநகரின் வடகிழக்கே, ஹென்னூர் சாலையை ஒட்டி லிங்கராஜபுரம் அமைந்துள்ளது. குக் டவுன், கம்மனஹள்ளி ஆகியவை அதன் அண்டைப் பகுதிகள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழிகள் இங்குள்ள தெருக்களில் ஒலிக்கின்றன. தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் அண்மையில் பணிக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இங்கு உள்ளன.

இப்பகுதியில்தான் ‘ஏ.பி.டி.’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் தலைமையகம் உள்ளது. இச்சங்கத்தை 1959ஆம் ஆண்டு நிறுவியவர் என். எஸ். ஹேமா என்னும் பெண்மணி. அவரே இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர். போலியோ சொட்டு மருந்து நாடெங்கும் வழங்கப்படாத காலம் அது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கெனத் தனிச் சட்டமும் அப்போது இல்லை. கால்கள் வலுவிழந்த குழந்தை வீட்டிலேயே இருப்பதுதான் இயல்பு எனப் பலர் எண்ணினர்.

ஏ.பி.டி. அவ்வெண்ணத்தை ஏற்கவில்லை. நடப்பதற்கு உதவும் கருவிகளைச் செய்து கொடுத்தல், தொழிற்பயிற்சி அளித்தல், தோட்டக்கலை கற்பித்தல் எனப் பல பணிகளை அது மேற்கொண்டது. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, அது நடத்திய ‘ஸ்ரத்தாஞ்சலி ஒருங்கிணைந்த பள்ளி’ ஆகும். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் பிற குழந்தைகளும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்து பயிலும் பள்ளி என்பதே அதன் சிறப்பு.

2. பெங்களூருவிலிருந்து ஆய்க்குடிக்கு

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி ஒன்று உண்டு. அதன் வரலாறு பெங்களூருவில் நேர்ந்த ஒரு விபத்தோடு தொடர்புடையது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975ஆம் ஆண்டு பொறியியல் மாணவராக இருந்தார். கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் பங்கேற்கப் பெங்களூருவிற்கு வந்த அவர், உடல்திறன் தேர்வின்போது விழுந்து முதுகுத்தண்டில் காயமுற்றார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது.

சொந்த ஊருக்குத் திரும்பிய இராமகிருஷ்ணன், 1981ஆம் ஆண்டு ‘அமர் சேவா சங்கம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் நினைவாக அப்பெயரைச் சூட்டினார். அச்சங்கத்தின் பள்ளியிலும் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்கள் பிற மாணவர்களுடன் சேர்ந்து பயில்கின்றனர். இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள ஆய்க்குடி, இப்பணியால் நாடறிந்த ஊராயிற்று. இராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஹேமாவும் இராமகிருஷ்ணனும் தடையைத் தம் உடலால் அறிந்தவர்கள். எனவே, இரக்கம் மட்டும் போதாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

3. பிரித்தல், இணைத்தல், உள்ளடக்குதல்

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் கல்வி வரலாற்றில் மூன்று நிலைகளைக் காணலாம்.

முதல் நிலை, பிரித்துக் கற்பித்தல். பாளையங்கோட்டையில் 1897ஆம் ஆண்டு பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார், செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கெனத் தனிப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கல்வியே கிட்டாத குழந்தைகளுக்கு அத்தகைய பள்ளிகள் பெரும் வாய்ப்பாக அமைந்தன. சைகைமொழியில் தோய்ந்து பயில்வதற்கு இன்றும் தனிப்பள்ளிகளை விரும்புவோர் உள்ளனர். ஆயினும், தனிப்பள்ளிகள் எல்லா ஊர்களிலும் இல்லை. குழந்தை தன் தெருவையும் தோழர்களையும் விட்டுத் தொலைவில் தங்கிப் பயில நேர்ந்தது.

இரண்டாம் நிலை, இணைத்துக் கற்பித்தல். குழந்தையைப் பொதுப்பள்ளியில் சேர்ப்பது இதன் நோக்கம். இந்திய அரசு 1974ஆம் ஆண்டு இதற்கெனத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எனினும், குழந்தை பள்ளிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு நீடித்தது. பல பள்ளிகளில் படிகள் அப்படியே இருந்தன. கற்பிக்கும் முறையும் மாறவில்லை.

மூன்றாம் நிலை, உள்ளடக்கிய கல்வி. இதில் குழந்தைக்கு ஏற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்கிறது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சாலமன்கா நகரில் 92 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். பொதுப்பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் ஏற்று, அவரவர் தேவைக்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்னும் அறிக்கையை அவர்கள் வெளியிட்டனர்.

4. சமம் என்றால் ஒரே அளவா?

எல்லோருக்கும் ஒன்றையே அளிப்பதுதான் சமம் எனத் தோன்றலாம். தேர்வு அறையை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். பார்வையற்ற மாணவி ஒருவர், கேள்வித்தாளைப் பிறர் படிக்கக் கேட்கிறார். விடையைச் சொல்லிப் பிறரை எழுதச் செய்கிறார். கேட்பதற்கும் சொல்வதற்கும் எழுதியதைச் சரிபார்ப்பதற்கும் கூடுதல் நேரம் ஆகிறது. அவருக்கும் மூன்று மணி நேரமே எனக் கூறினால், தேர்வு அவருடைய அறிவை அளக்காது. அவருடைய பார்வையின்மையை அளக்கும். இதனால்தான் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வுகளில், மூன்று மணி நேரத் தேர்வுக்கு இத்தகைய மாணவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெறுகின்றனர். இது சலுகையன்று, சமநிலை.

கட்டடத்திற்கும் இது பொருந்தும். பள்ளி வாயிலில் நான்கு படிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு படியும் 15 செ.மீ. உயரம் எனில், மொத்த உயரம் 60 செ.மீ. சக்கர நாற்காலியில் வருபவருக்கு நான்கு படிகளும் ஒரு சுவரே. அங்குச் சாய்தளம் அமைக்க ஓர் அளவு உண்டு. 1 அடி உயரத்திற்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். எனவே, 60 செ.மீ. உயரத்திற்கு 720 செ.மீ. நீளமுள்ள சாய்தளம் தேவை. இதைவிடக் குறைந்த நீளத்தில் கட்டினால் சரிவு கூடிவிடும். தாமாக ஏறுவது கடினமாகும், இறங்குவது ஆபத்தாகும். பெயரளவில் கட்டப்பட்ட சாய்தளம் மற்றொரு தடையே.

சரியான சாய்தளம் ஒருவருக்கு மட்டும் பயன்படுவதில்லை. கால் முறிந்த மாணவர், கைத்தடியுடன் வரும் தாத்தா, குழந்தையைத் தள்ளுவண்டியில் அழைத்துவரும் தாய் ஆகியோரும் அதன்வழி ஏறலாம்.

5. மொழிகளை இணைக்கும் ஆறு புள்ளிகள்

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்துமுறை பிரெய்ல். ஆறு புள்ளிகளை இரண்டு வரிசைகளாக அமைத்து, அவற்றை வெவ்வேறு வகையில் மேலெழச் செய்து 63 குறிகளை உருவாக்கலாம். இந்திய மொழிகளுக்கான ‘பாரதி பிரெய்ல்’ 1951ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. அதில் ஒலி ஒன்றானால் குறியும் பெரும்பாலும் ஒன்றே. தமிழின் ககரத்திற்கும் கன்னடத்தின் ககரத்திற்கும் இந்தியின் ககரத்திற்கும் ஒரே புள்ளிக் குறிதான். கண்ணுக்கு வேறுவேறாகத் தோன்றும் மூன்று எழுத்துகள், விரல் நுனிக்கு ஒன்றாகின்றன.

6. ஆய்வுகள் கூறுவன

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் 78 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் 19 வயதுக்கு உட்பட்டவர்கள். அக்கணக்கெடுப்பின் விவரங்களை ஆராய்ந்து, யுனெஸ்கோவும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் 2019ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றை அளித்தன. அதன் முடிவுகள் சிந்திக்க வைப்பவை.

• மாற்றுத்திறன் கொண்ட ஐந்து வயதுக் குழந்தைகளுள் நான்கில் மூவர் எந்தக் கல்வி நிறுவனத்திற்கும் செல்லவில்லை.
• 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் நான்கில் ஒருவர் எங்கும் பயிலவில்லை.
• பள்ளியில் சேர்ந்த மாற்றுத்திறன் மாணவர்களுள் பெண்களின் எண்ணிக்கை ஆண்களைவிடக் குறைவு.
• வகுப்பு உயர உயர, பயில்வோர் எண்ணிக்கை குறைகிறது.

ஐந்து வயதில் பள்ளிக்கு வராத குழந்தைகளுள் சிலர் பின்னர் வருகின்றனர் என்பதையும் இம்முடிவுகள் காட்டுகின்றன. ஆயினும், மொழியும் நட்பும் எண்ணறிவும் வேர்விடும் தொடக்க ஆண்டுகளை அவர்கள் இழந்துவிடுகின்றனர்.

மாற்றுத்திறன் கொண்ட மாணவர்கள் உடன் பயின்றால் பிறருடைய கல்வி குறைவுபடும் எனச் சிலர் அஞ்சுவதுண்டு. பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள், பொதுவாக அத்தகைய இழப்பு நேர்வதில்லை எனக் காட்டியுள்ளன. எனினும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் உரிய கருவிகளும் இல்லாத வகுப்பில் குழந்தையை அமர்த்துவது மட்டும் உள்ளடக்கிய கல்வி ஆகிவிடாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, கற்பது வேறு.

7. சட்டத்தின் துணை

இந்தியாவில் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்யும் சட்டம், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 1995ஆம் ஆண்டின் சட்டம் 7 வகை மாற்றுத்திறன்களையே குறிப்பிட்டது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. எழுதுவதிலும் படிப்பதிலும் நேரும் கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. சட்டம் வரையறுத்த அளவுக்கு மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையையும் இச்சட்டம் வழங்கியது.

8. மொழியும் ஒரு வாயில்

தடை என்பது உடலைச் சார்ந்தது மட்டுமன்று. வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் கேட்கும் குழந்தை, முதல் நாளில் அமைதியாக அமர்ந்திருக்கக்கூடும். அக்குழந்தைக்கு எதுவும் தெரியாது எனக் கருதுவது தவறு. தெரிந்ததைச் சொல்ல மொழி இன்னும் கிட்டவில்லை, அவ்வளவே. தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என இந்திய அரசமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. இப்பிரிவு 1956ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. தாய்மொழியைக் காப்பதோடு, வாழும் நிலத்தின் மொழியைக் கற்பதும் வாயிலைத் திறக்கும். தமிழ்க் குழந்தை கன்னடம் கற்றால் தெரு முழுவதும் அதற்குத் தோழமையாகும்.

படியின் முன் நிற்கும் குழந்தைக்கும் மொழியின் முன் நிற்கும் குழந்தைக்கும் தேவை ஒன்றே. குறை குழந்தையிடம் இல்லை, வாயிலில்தான் உள்ளது என்பதைப் பள்ளி உணர வேண்டும். வாயிலை அகலமாக்கும் பணியில் அரசுக்கும் ஆசிரியருக்கும் மட்டுமன்றி, அருகில் அமர்ந்து பயிலும் மாணவருக்கும் பங்குண்டு. விளையாட்டில் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதும், கேலிப்பெயரைத் தவிர்ப்பதும், உதவும் முன் “உதவலாமா?” எனக் கேட்பதும் அப்பங்கின் தொடக்கமாகும்.

சொல்லும் பொருளும்

இளம்பிள்ளைவாதம் – போலியோ நோய்
சாய்தளம் – படிக்கு மாற்றாக அமைக்கப்படும் சரிவான பாதை
சைகைமொழி – கை அசைவாலும் முகக்குறிப்பாலும் பேசும் மொழி
உள்ளடக்குதல் – எவரையும் விலக்காமல் சேர்த்துக்கொள்ளுதல்
ககரம் – ‘க’ என்னும் எழுத்து
சிறுபான்மை – எண்ணிக்கையில் குறைந்த பிரிவு

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. ஏ.பி.டி. நிறுவப்பட்ட ஆண்டு (1951 / 1959 / 1981).
2. பிரெய்ல் எழுத்துமுறையில் உள்ள புள்ளிகள் (4 / 6 / 8).
3. அமர் சேவா சங்கம் அமைந்துள்ள ஊர் (பாளையங்கோட்டை / ஆய்க்குடி / லிங்கராஜபுரம்).

ஆ. பிரித்து எழுதுக.
வகுப்பறை, செவித்திறன், சாய்தளம், தனிப்பள்ளி

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஸ்ரத்தாஞ்சலி பள்ளியின் சிறப்பு யாது?
2. தமிழ், கன்னட ககரங்கள் பாரதி பிரெய்லில் எவ்வாறு அமைந்துள்ளன?
3. தேர்வில் கூடுதல் நேரம் அளிப்பது ஏன் சலுகை ஆகாது?

ஈ. ஒரு பத்தியில் விடை தருக.
1. இணைத்துக் கற்பித்தலுக்கும் உள்ளடக்கிய கல்விக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. ‘குறை குழந்தையிடம் இல்லை, வாயிலில்தான் உள்ளது.’ – இக்கருத்தைத் தக்க சான்றுகளுடன் நிறுவுக.

உ. செயல்பாடு
1. பள்ளி வாயிலில் உள்ள படிகளின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்க. அங்கு அமைய வேண்டிய சாய்தளத்தின் நீளத்தைக் கணக்கிடுக. சாய்தளம் இருப்பின், அது போதிய நீளம் உடையதா எனச் சோதிக்க.
2. பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ, அவர்கள் பள்ளிக்குச் சென்ற முதல் நாளில் வகுப்பில் ஒலித்த மொழி எது, அது அவர்களுக்கு விளங்கியதா எனக் கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதுக.