நெற்களஞ்சியத்தில் கர்நாடகா பொன்னி

நம்பிக்கை: தஞ்சாவூர்க் கடையில் கர்நாடகா பொன்னி அரிசி விற்பது காவிரி டெல்டாவுக்குத் தலைக்குனிவு.

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மளிகைக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் புலம்பல் காதில் விழும். நம்ம ஊர் நெல் கூட்ஸ் ரயில் ஏறி வேறு மாவட்டத்துக்கு அரவைக்குப் போகிறது, நமக்கு அரிசி வெளி மாநிலத்திலிருந்து லாரியில் வருகிறது என்று. இரண்டும் நடப்பதுதான். ஆனால் விவசாயி கணக்குத் தெரிந்துதான் விதைக்கிறார். அவருடைய பெரிய வாடிக்கையாளர் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 2024–25இல் மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்குச் சாதாரண ரகத்துக்கு 2,300 ரூபாய், ‘ஏ’ கிரேடுக்கு 2,320. மாநில ஊக்கத்தொகையைச் சேர்த்தாலும் இடைவெளி ஐம்பது ரூபாயைத் தொடவில்லை. இதற்காக யார் சன்ன ரகத்தோடு மல்லுக்கட்டுவார்? நன்றாகக் காணுகிற குண்டு நெல்லைப் போடுகிறார். சி.ஆர். 1009 இட்லிக்குப் பிரமாதம். சோற்றுக்குச் சன்ன அரிசி கேட்கிற வீடு, அது கட்டுப்படியாகிற ஊரிலிருந்து வாங்குகிறது. (வெள்ளைப் பொன்னியே மலேசியாவில் பிறந்த மசூரியின் வாரிசு. உள்ளூர்ப் பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.)

நம்பிக்கை: தன்னால் முடியாததைத்தான் ஓர் ஊர் வெளியே வாங்கும்.

1817இல் டேவிட் ரிக்கார்டோ போட்ட கணக்கு இதை உடைத்தது. ஒரே அளவு ஒயினுக்கு போர்ச்சுக்கலில் ஓராண்டுக்கு 80 பேர் உழைப்பு, இங்கிலாந்தில் 120. துணிக்கு 90, 100. இரண்டிலும் போர்ச்சுக்கல்தான் கெட்டி. ஆனாலும் ஒயினை விற்றுத் துணியை வாங்கினால் அதற்கு லாபம். ஒன்றைச் செய்ய இன்னொன்றில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. பாடப்புத்தகம் இதை ஒப்பீட்டு நன்மை என்கிறது.

டெல்டாவின் பலமும் அங்கேதான் இருக்கிறது. ஏக்கருக்கு இதைவிட அதிக நெல் எடுக்கிற ஊர் வேறு இருக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கி நிற்கிற களிமண் வயலில் நெல்லைத் தவிர எதைப் போட்டாலும் அழுகும். விட்டுக்கொடுக்க வேறொன்றும் இல்லை என்பதால் இங்கே நெல் மலிவு. அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளிக்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான்.

எதிர்ப்பக்கம் இலங்கை. அனுராதபுரத்துக் குளங்களைக் கட்டிய நாட்டுக்கு நெல் விளைவிக்கத் தெரியாதா? ஆனாலும் மலையகத்தில் முதலில் காப்பி, பிறகு தேயிலை என்று போட்டு, நாகப்பட்டினத்திலிருந்தும் ரங்கூனிலிருந்தும் அரிசி வாங்கியது. தோட்டங்களில் உழைக்கப் போனவர்களும் தமிழ் மாவட்டத்துக்காரர்களே. லாபம் யார் கைக்குப் போனது என்பதை ரிக்கார்டோவின் கணக்கு சொல்லாது. ஆபத்தையும் சொல்லாது. 1942இல் பர்மா ஜப்பான் வசமானதும் ரங்கூன் அரிசி நின்றது, சென்னை மாகாணமும் இலங்கையும் சேர்ந்து தவித்தன. சொந்த நெல் வேண்டும் என்று பயப்படுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

நம்பிக்கை: கச்சாப்பொருள் கிடைக்கிற இடத்தில்தான் தொழில் வளரும்.

டெல்டாவில் செம்பும் இல்லை, வெள்ளீயமும் இல்லை. சுவாமிமலையில் சிலை வார்க்கிறார்கள், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு. உலோகம் எடைக்கு விலை அதிகம், எவ்வளவு தூரமும் வண்டிக்கூலி தாங்கும். அச்சுக்கு வேண்டிய காவிரி வண்டல் தாங்காது, அதனால் பட்டறை வண்டல் பக்கம். திருபுவனத்துத் தறிக்கு வருகிற பட்டு நூலும் உலோகத்தைப் போலத்தான்.

நம்பிக்கை: வளமான மண்ணில்தான் பெருநகரம் எழும்.

2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் நகரின் மக்கள்தொகை சுமார் 2.2 லட்சம். டெல்டாவின் தலைமாட்டில் இருக்கிற திருச்சி 8.5 லட்சம். மழை குறைந்த கோயம்புத்தூர் 10.5 லட்சம்.

நெல்லுக்கு நிலம் முழுக்க ஆள் வேண்டும், அதனால் ஜனம் கிராமங்களில் பரவியே இருந்தது. மூட்டை கனமானது, மாட்டு வண்டி மெதுவானது. எனவே முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு சந்தை ஊர்: கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மாயவரம். எதுவும் மற்றதை விழுங்கவில்லை. மிராசுதார் கைக்கு வந்த பணம் பெரும்பாலும் மறுபடி நிலத்துக்கே போனது, நிலம்தான் கொடுத்ததே! கோவையில் கிணறு வெட்டிப் பருத்தி போட்டவருக்கு அந்தச் சொகுசு இல்லை; 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பணம் மில்லுக்குப் போனது. செட்டிநாட்டு வறண்ட பூமி தன் பிள்ளைகளை வட்டித் தொழிலுக்கு பர்மா வரை அனுப்பியது.

ரயில் வந்தால் எல்லா ஊரும் வளரும் என்பதும் இதே போன்ற நம்பிக்கைதான். நாகப்பட்டினத்தைக் கேளுங்கள். தென்கோடியின் முதல் ரயில் பாதைகளில் ஒன்று அங்கிருந்துதான் 1861–62இல் தஞ்சை வழியாகத் திருச்சிக்குப் போனது. வண்டிக்கூலி குறைந்ததும் சரக்குக்கு அந்தக் கரையே கதி என்றில்லாமல் போயிற்று. நாகையில் கப்பல் தள்ளி நிற்கும், தோணியில் ஏற்றி இறக்க வேண்டும். சென்னையில் செயற்கைத் துறைமுகம் வந்தது, தூத்துக்குடிக்குப் பாதை போனது, 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழியே இலங்கை கிட்டே வந்தது. 1928இல் நாகையின் ரயில்வே பணிமனையும் திருச்சி பொன்மலைக்குப் போய்விட்டது. பல பாதைகள் கூடுகிற இடத்தில்தானே பழுது பார்ப்பதும் சுலபம்.

அதே கதைதான் இப்போதும்: தஞ்சாவூரிலிருந்து நான்குவழிச் சாலையில் திருச்சி ஒரு மணி நேரம். தஞ்சையின் சிறிய கடைகளுக்கு இனிமேல் போட்டி பக்கத்துத் தெருவோடு நிற்காது.