புள்ளிகளுக்குப் பணம் கொடுப்பவர் யார்?

கடனட்டையால் பொருள் வாங்கினால் புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளிகளுக்குப் பரிசோ விலைக்கழிவோ கிடைக்கும். "தவணைக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் வட்டியுமில்லை, புள்ளியும் இலாபம்" என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். உயர்தரத்தில் பொருளியல் கற்கும் எனக்கு அதில் ஒரு கேள்வி எழுந்தது. அந்த இலாபத்தை யார் கொடுக்கிறார்கள்?

அட்டையால் பணம் செலுத்தும்போது பொருளின் முழு விலையும் கடைக்காரரைச் சென்றடைவதில்லை. அவருடைய வங்கி ஒரு கட்டணத்தைக் கழித்துக்கொண்டே மீதியை வரவு வைக்கிறது. அக்கட்டணத்தின் பெரும்பகுதி, அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. இதுவே பரிமாற்றக் கட்டணம். வீசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்புகளுக்கும் ஒரு பங்கு உண்டு. புள்ளிகளுக்கான செலவில் பெரும்பங்கு இந்தப் பரிமாற்றக் கட்டணத்திலிருந்தே வருகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கட்டணம் 2.5 சதவீதம் என வைத்துக்கொண்டால், 10,000 ரூபா விற்பனையில் 250 ரூபா கழியும். அவ்விற்பனையில் கடைக்காரருக்கு வரும் இலாபம் 1,000 ரூபா எனின், அதில் காற்பங்கு போய்விடுகிறது. அட்டையை ஏற்பதால் விற்பனை கூடலாம். காசை வைத்துக் காக்கும் பயமும் குறையும். என்றாலும் செலவை ஈடுசெய்ய அவர் விலையைச் சற்று உயர்த்தினால், அது எல்லோருக்கும் பொதுவான விலையாகிவிடும். அன்றாடக் கூலியைக் காசாகக் கொடுத்து அரிசி வாங்கும் பெண்ணும் அதே விலையையே கொடுக்கிறார். அவரிடம் அட்டையுமில்லை, புள்ளியுமில்லை.

இது வெறும் ஊகமன்று. ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் பெடரல் ரிசேர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள். காசைப் பயன்படுத்தும் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டொலரை இழக்கிறது. அட்டையைப் பயன்படுத்தும் குடும்பம் 1,133 டொலரைப் பெறுகிறது என்பது அவர்களது மதிப்பீடு. வருமானம் கூடியவர்களே அதிகம் அட்டை பயன்படுத்துவதால், இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்குப் பணம் நகர்கிறது.

இதைக் கட்டுப்படுத்த முடியுமா? அவுஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003இல் பரிமாற்றக் கட்டணத்தைக் குறைத்தது. கடைகளின் செலவு குறைந்தது. புள்ளிகளின் பெறுமதியும் குறைந்தது. இரண்டும் ஒரே பணம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2015இல், தனிநபர் கடனட்டைகளுக்கு 0.3 சதவீதமும் வரவட்டைகளுக்கு 0.2 சதவீதமும் உச்சவரம்பாக விதித்தது.

தோழியரே, நாளை நாமும் சம்பாதிப்போம். நமக்கும் அட்டை வரும். அப்போது புள்ளியின் ரூபாப் பெறுமதியையும் அட்டையின் வருடாந்தக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். புள்ளிக்காகத் தேவையற்றதை வாங்காதிருப்போம். தெருமுனைச் சிறுகடையில், கையில் காசிருந்தால் காசையே கொடுப்போம். வட்டியில் நாம் காட்டும் கவனத்தை, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கட்டணத்திலும் காட்டுவது நல்லது.