யாவருக்கும் சுழன்ற ராட்டினம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கோடை விடுமுறை என்றதும் இளையோர் மனத்தில் முதலில் தோன்றுவது விளையாட்டு. ஊர்த் திருவிழாவில் சுழலும் ராட்டினமும் நகரத்துக் கேளிக்கைப் பூங்காவில் விரையும் ரோலர் கோஸ்டரும் குழந்தைகளைக் கைநீட்டி அழைக்கின்றன. அந்த அழைப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக இருந்ததா? அமெரிக்காவின் பூங்கா ஒன்று தோலின் நிறம் பார்த்துத் தன் வாயிலை அடைத்து வைத்திருந்ததையும் 1963ஆம் ஆண்டின் கோடைநாள் ஒன்றில் அவ்வாயில் திறந்ததையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோடைக்காலச் சோலைகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. வேலைநாள்களில் நிரம்பி வழிந்த வண்டிகள் விடுமுறை நாள்களில் ஆளின்றி ஓடின. இக்குறையைப் போக்க டிராம் நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. வண்டிப்பாதை முடியும் இடத்தில், நகரத்துப் புழுக்கம் எட்டாத ஓடைக்கரையிலும் ஏரிக்கரையிலும் பூங்காக்களை அமைத்தன. தொடக்கத்தில் அங்கே மரநிழலும் இசைமேடையும் படகுத்துறையும் இருந்தன. பின்னர்க் குடைராட்டினமும் ராட்சத ராட்டினமும் ரோலர் கோஸ்டரும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வீடுகளில் குளிரூட்டும் கருவி இல்லாத அக்காலத்தில், உழைக்கும் மக்கள் குறைந்த செலவில் கோடையைக் கழிப்பதற்கு இப்பூங்காக்களே புகலிடமாயின. மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகரை ஒட்டி அமைந்த குவின் ஓக் பூங்காவும் இவ்வாறு தோன்றியதே.

பூங்காவின் விளையாட்டுகள் யாவும் அச்சத்தை இன்பமாக மாற்றும் பொறிகள் எனலாம். ரோலர் கோஸ்டரில் வண்டியை முதல் மேட்டின் உச்சிவரை சங்கிலி இழுத்துச் செல்கிறது. அதன்பின் அவ்வண்டிக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. உயரத்தில் சேர்ந்த நிலையாற்றல் சரிவில் இயக்க ஆற்றலாக மாறுகிறது. அடுத்த மேட்டில் மீண்டும் நிலையாற்றல் ஆகிறது. உராய்வினால் ஒவ்வொரு முறையும் சிறிது ஆற்றல் குறைவதால், பின்வரும் மேடுகள் முதல் மேட்டினும் தாழ்ந்தே அமைக்கப்படுகின்றன. வண்டி கீழ்நோக்கிப் பாயும்போது உடல் எடையிழந்தது போன்ற உணர்வு எழுகிறது. அப்போது முன்பின் அறியாதவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வர். ஒரே குரலில் அலறி, ஒரே குரலில் சிரிப்பர்.

தெரிந்து தெளிவோம்

உலகின் முதல் ராட்சத ராட்டினம் 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்காக அமைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் பொறியாளர் ஜார்ஜ் பெரிஸ். ஏறத்தாழ 80 மீட்டர் உயரமுடைய அதில் 36 கூண்டுகள் இருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் 60 பேர் வரை ஏறலாம். சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய உலகச் சமயப் பேரவையும் அக்கண்காட்சியை ஒட்டியே அதே ஆண்டில் நடைபெற்றது.

போரிலிருந்து விளையாட்டுக்கு

பூங்காவின் விளையாட்டுகளுள் மிக மென்மையானது குடைராட்டினம். இதன் பிறப்போ போர்ப்பயிற்சியில் நிகழ்ந்தது. குதிரை வீரர்கள் விரைந்து செல்லும்போதே தொங்கும் வளையத்தை ஈட்டி முனையால் கவர்ந்தெடுக்கும் போட்டிகள் ஐரோப்பிய அரசவைகளில் நடைபெற்றன. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி 1662ஆம் ஆண்டு பாரிசில் இத்தகைய பெருவிழா ஒன்றை நடத்தினார். இப்போட்டிக்குப் பயிற்சி பெறுவதற்காகச் சுழலும் தூணில் மரக்குதிரைகளைப் பிணைத்தனர். காலப்போக்கில் ஈட்டி மறைந்தது. குதிரை மட்டும் குழந்தைகளுக்கு எஞ்சியது.

குடைராட்டினத்தின் மேற்பகுதியில் வளைந்த தண்டுகள் சுழல்கின்றன. அவற்றிலிருந்து தொங்கும் குதிரைகள் அச்சுழற்சிக்கேற்ப உயர்ந்து தாழ்கின்றன. வெளிவட்டக் குதிரை நெடுந்தொலைவு செல்ல, உள்வட்டக் குதிரை சிறிது தொலைவே செல்கிறது. எனினும், இரண்டும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை நிறைவு செய்கின்றன. ஒரு குதிரை மற்றொன்றை முந்துவதில்லை; முதலாவது, கடையாவது என்னும் வேறுபாடும் இல்லை. நடை பழகாத குழந்தையையும் பெற்றோர் பிடித்தவாறு ஏற்றிவிடலாம்.

அடைபட்ட வாயில்

இத்தகைய சமத்துவப் பொறியைச் சுற்றித்தான் சமத்துவமற்ற வேலி எழுப்பப்பட்டிருந்தது. அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், தனித்தனியாக வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்னும் கருத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1896ஆம் ஆண்டு ஏற்றது. அதன் நிழலில் பள்ளி, தொடர்வண்டி, உணவகம், குடிநீர்க் குழாய் என யாவும் நிறத்தால் பிரிக்கப்பட்டன. ‘சமம்’ என்பது சொல்லளவில் நின்றது; ‘தனி’ என்பது மட்டுமே நடைமுறையாயிற்று.

கேளிக்கைப் பூங்காக்களில் இப்பிரிவினை இன்னும் கடுமையாக இருந்தது. அங்கே மக்கள் தோளோடு தோள் உரச அமர்ந்தனர். ஒரே குளத்தில் நீந்தினர். ஒரே மேடையில் ஆடினர். அந்நெருக்கத்தையே நிறவெறி மிகவும் அஞ்சியது. சில பூங்காக்கள் ஆண்டில் ஓரிரு நாள்களை மட்டும் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கின. சில அதையும் மறுத்தன. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரம், பூங்காக்களைப் பொதுவாக்க நேரும் நிலை வந்தபோது, 1959ஆம் ஆண்டின் முதல் நாளில் தன் பொதுப் பூங்காக்கள் அனைத்தையும் மூடிவிட்டது. பிறர் மகிழ்வதைத் தடுப்பதற்காகத் தன் மகிழ்ச்சியையும் இழக்க அந்நகரம் முன்வந்தது.

இவ்விலக்கு குழந்தைகளின் உள்ளத்தில் எத்தகைய காயத்தை ஏற்படுத்தும் என்பதை மார்ட்டின் லூதர் கிங் அறிந்திருந்தார். 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பர்மிங்காம் சிறையிலிருந்து அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் கேளிக்கைப் பூங்காவும் இடம்பெறுகிறது. தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட பூங்காவுக்குத் தான் ஏன் போகக்கூடாது எனக் கேட்கும் ஆறு வயது மகளுக்கு விடைகூற இயலாத தந்தையின் துயரை அவர் அதில் பதிவு செய்துள்ளார். ‘பொறுத்திருங்கள்’ என்று அறிவுரை கூறியவர்களுக்கு அவர் அளித்த விடைகளுள் இதுவும் ஒன்று.

அறவழிப் போராட்டம்

காந்தியடிகளின் அறப்போர் முறையால் ஊக்கம் பெற்று, 1942ஆம் ஆண்டு சிகாகோவில் தொடங்கப்பட்டது இனச் சமத்துவப் பேரவை. அதன் பால்டிமோர்க் கிளையினர் 1955ஆம் ஆண்டு குவின் ஓக் பூங்காவின் முன் மறியலைத் தொடங்கினர். ‘அனைத்து நாடுகள் நாள்’ என்னும் விழாவை ஆண்டுதோறும் கொண்டாடிய பூங்கா அது. உலக நாடுகளை வரவேற்ற அவ்வாயில், அதே ஊரில் பிறந்த கறுப்பினக் குழந்தையைத் திருப்பி அனுப்பியது. இம்முரணை ஊரறியச் செய்ய மறியலாளர்கள் ஆண்டுதோறும் வந்தனர்.

அதே மாநிலத்தில் இருந்த கிளென் எக்கோ பூங்காவில் 1960ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் குடைராட்டினக் குதிரைகளில் ஏறி அமர்ந்தனர். இறங்க மறுத்துக் கைதாயினர். அந்தக் கோடை முழுவதும் நடந்த மறியலின் பயனாக, 1961ஆம் ஆண்டு அப்பூங்கா யாவருக்கும் திறந்தது. குவின் ஓக் பூங்காவோ அசையவில்லை. அனைவரையும் அனுமதித்தால் வெள்ளையர் வரமாட்டார்கள், வணிகம் அழிந்துவிடும் என்பதே அதனை நடத்தியோரின் வாதம்.

1963ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் விடுதலைத் திருநாள். அன்று நூற்றுக்கணக்கானோர் அணியணியாகப் பூங்காவுக்குள் நுழைந்தனர். அவர்களுள் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இருந்தனர். கத்தோலிக்கக் குருமார்களும் சீர்திருத்தச் சபைத் தலைவர்களும் யூத மதகுருமார்களும் இருந்தனர். அத்துமீறி நுழைந்ததாக 283 பேர் கைது செய்யப்பட்டனர். விளையாட வந்திருந்த கூட்டத்தினர் சிலர் அவர்களை எள்ளி நகைத்தனர். மூன்று நாள்களுக்குப் பின்னர் மீண்டும் ஓர் அணி சென்றது. மீண்டும் பலர் கைதாயினர். விடுதலை நாளன்று ஒரு பூங்காவுக்குள் நுழைந்ததற்காகச் சமயத் தலைவர்கள் சிறைவண்டியில் ஏற்றப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. அக்கோடையில் அங்கே கைதானவர்களுள் மைக்கேல் ஷ்வெர்னர் என்னும் இளைஞரும் ஒருவர். மறு ஆண்டு, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பி மாநிலத்தில் தொண்டாற்றச் சென்ற அவர், உடன் சென்ற இருவரோடு நிறவெறியரால் கொல்லப்பட்டார். ராட்டினத்தில் ஏறும் உரிமையையும் வாக்களிக்கும் உரிமையையும் அவ்விளைஞர் வேறுவேறாகக் கருதவில்லை.

தெரிந்து தெளிவோம்

மார்ட்டின் லூதர் கிங் 1959ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வருகை தந்தார். காந்தியடிகளின் வழியை அவர் வாழ்ந்த மண்ணிலேயே அறிந்துகொள்வது அவரது நோக்கம். அப்பயணத்தில் கன்னியாகுமரிக்கும் வந்த அவர், ஒருபுறம் கதிரவன் மறைய மறுபுறம் நிலவு எழும் காட்சியைக் கண்டதைப் பின்னர்த் தம் உரையில் நினைவுகூர்ந்தார்.

ஒரு கோடைநாள்

கைது நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் அரசு அலுவலர்கள், போராட்டக் குழுவினர், பூங்கா உரிமையாளர்கள் ஆகியோரிடையே பேச்சுகள் நடைபெற்றன. உடன்பாடு எட்டப்பட்டது. ஆகஸ்டு 28ஆம் நாள் முதல் பூங்கா யாவருக்கும் திறக்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

அந்நாள் வரலாற்றில் வேறொரு காரணத்தாலும் நிலைபெற்றது. வேலைக்கும் விடுதலைக்குமான பேரணியில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் அன்று வாசிங்டன் நகரில் திரண்டனர். ஆபிரகாம் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, தம் கனவைப் பற்றி மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை உலகெங்கும் ஒலித்தது. கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் கைகோக்கும் நாள் வரும் என்பது அவர் கண்ட கனவின் ஒரு பகுதி.

அதே நாளில், அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருந்த குவின் ஓக் பூங்காவுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் வந்தது. பெற்றோரின் கையில் பதினொரு மாதப் பெண்குழந்தை ஷாரன் லாங்லி இருந்தாள். அவ்வயதுக் குழந்தைக்கு ஏற்றது குடைராட்டினம் ஒன்றே. தந்தை அவளைக் குதிரையின் மீது அமர்த்தி, அருகில் நின்று பிடித்துக்கொண்டார். பக்கத்துக் குதிரைகளில் வெள்ளையினக் குழந்தைகள் அமர்ந்திருந்தனர். ராட்டினம் சுழன்றது, செய்தியாளர்கள் படம் எடுத்தனர்.

வாசிங்டனில் கனவு சொல்லாக ஒலித்தது. குவின் ஓக்கில் அதன் ஒரு சிறுதுளி செயலாக நிகழ்ந்தது. எட்டு ஆண்டுகள் வெயிலில் நின்றோர், வசைமொழி கேட்டோர், சிறை புகுந்தோர் ஆகியோரின் உழைப்பு, அந்தச் சில மணித்துளிச் சுழற்சிக்குள் அடங்கியிருந்தது. குழந்தை அதனை அறியாள். அறியத் தேவையின்றி அவள் விளையாடியதே அப்போராட்டத்தின் வெற்றி.

விளையாட்டும் உரிமையே

உணவு, கல்வி, வேலை, வாக்கு ஆகியவற்றுக்காகப் போராடுவதை எவரும் எளிதில் உணர்வர். ராட்டினத்தில் ஏறுவதற்காகவா சிறைசெல்ல வேண்டும் என்னும் ஐயம் எழலாம். இழிவு என்பது பெரிய வாயில்களில் மட்டும் நிற்பதில்லை. மற்றவர் மகிழும் இடத்திற்கு வெளியே நிறுத்தப்படும் குழந்தை, தான் குறைந்தவள் என்னும் பொய்யை அங்கேதான் முதன்முதலில் கற்கிறாள். அப்பொய்யை வேரோடு களைய வேண்டுமெனில், பள்ளியின் கதவு திறந்தால் மட்டும் போதாது. பூங்காவின் கதவும் திறக்க வேண்டும்.

1964ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் நிறைவேறிய அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம், உணவகம், விடுதி, கேளிக்கை இடங்கள் முதலியவற்றில் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது. உறுப்பினர்களுக்கான தனியார் மன்றம் எனப் பெயரிட்டுக்கொண்டு அச்சட்டத்திலிருந்து தப்ப முயன்ற பொழுதுபோக்கு இடத்தின் வாதத்தை உச்சநீதிமன்றம் 1969ஆம் ஆண்டு ஏற்க மறுத்தது. ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு ஏற்ற குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகள் என்றே உரைக்கிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு அவ்வுடன்படிக்கையை ஏற்றது.

குவின் ஓக் பூங்கா இன்று இல்லை. 1972ஆம் ஆண்டு ஆக்னஸ் சூறாவளி கொணர்ந்த வெள்ளம் அதனைச் சிதைத்தது. ஆனால், 1947ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட அதன் குடைராட்டினம் தப்பியது. 1981ஆம் ஆண்டு வாசிங்டன் நகரின் தேசியத் திடலில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களின் அருகே அது நிறுவப்பட்டது. பேரணி மக்கள் திரண்ட லிங்கன் நினைவகம் அத்திடலின் மேற்கு முனையில் உள்ளது. சொல்லும் செயலுமாக ஒரே நாளில் பிரிந்து நிகழ்ந்தவை பின்னர் ஒரே திடலில் வந்து சேர்ந்தன. எந்நிறக் குழந்தை ஏறினாலும் ராட்டினம் ஒரே விரைவில்தான் சுழலும். அதனை உணர்ந்து நடக்க வேண்டியவர் மனிதரே.

சொல்லும் பொருளும்

எள்ளி – இகழ்ந்து
முரண் – ஒன்றுக்கொன்று மாறுபட்டது
புகலிடம் – அடைக்கலம் தரும் இடம்
நிலையாற்றல் – பொருள் இருக்கும் நிலையினால் பெற்றுள்ள ஆற்றல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் திருவிழாவிலோ பொருட்காட்சியிலோ இடம்பெறும் ராட்டினங்களின் பெயர்களையும் அவை இயங்கும் முறையையும் கேட்டறிந்து எழுதுக.
2. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் விளையாடுவதற்கேற்ற பூங்காவில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும் என்பது குறித்துக் குழுவில் கலந்துரையாடுக.
3. பொதுவெளியில் நடக்கும் உரிமைக்காக நிகழ்ந்த வைக்கம் போராட்டம் பற்றிய செய்திகளைத் திரட்டி, இப்பாடத்தோடு ஒப்பிட்டு வகுப்பறையில் பேசுக.

குறுவினா

1. டிராம் நிறுவனங்கள் பூங்காக்களை அமைத்ததன் காரணம் யாது?
2. ரோலர் கோஸ்டரின் முதல் மேடு ஏனையவற்றினும் உயர்ந்திருப்பது ஏன்?

சிறுவினா

1. ‘அனைத்து நாடுகள் நாள்’ விழாவில் வெளிப்பட்ட முரணை விளக்குக.
2. குடைராட்டினம் போர்ப்பயிற்சியிலிருந்து விளையாட்டாக மாறிய வரலாற்றைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

‘விளையாட்டும் உரிமையே’ என்னும் கருத்தைக் குவின் ஓக் பூங்காவின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.